சீலிங்கில் தொங்கிய கால் பற்றி மச்சானுக்கு விளக்கம்

மதிப்புக்கும், அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் பயத்துக்கும் உரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். நான் மட்டும் இடுப்புக்கு மேலே நலம். அங்கே தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் தலை முதல் கால் வரை முழுசாக நலமாயிருக்க வேண்டுகிறேன்.

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் உங்கள் தங்கை போனில் சொல்லிவிடுவாள், அவள் சொன்னால் நடித்தே காட்டிவிடுவாள், போனில் நடிப்பு தெரியாது என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. இந்தக் கடிதத்தைக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஐந்து நாளாக உட்கார முடியவில்லை. மனிதன் எந்த இடத்தை வைத்து உட்காருகிறானோ அந்த இடத்தில் ஒரு மரச்சிராய் நீளமாக ஏறி, அதை எடுத்து, ஏழு தையல் போட்டிருக்கிறார்கள். உங்கள் தங்கை டாக்டர் போட்ட தையலைப் பார்த்து, “இதென்ன இப்படி இழுத்துத் தச்சிருக்காங்க, ஓரம் சுருங்கிடுமே” என்று கவலைப்பட்டாள். தையல் தொழில்காரி. எழுத்து கோணலாக இருந்தால், என் கடிதங்களில் பிழை திருத்தும் தங்கள் சிவப்பு மையை அங்கே செலவழிக்க வேண்டாம், காரணம் இதுதான்.

இது எப்படி நடந்தது என்றால், தாங்கள் அனுப்பிய நான்கு பக்க அறிவுரையால்தான். குற்றம் சொல்லவில்லை. அறிவுரை நல்ல அறிவுரை, வாங்கியவன்தான் சரியில்லை. “வீடு வாங்கும் முன் இரண்டு பேர் வந்து பார்ப்பார்கள். ஒருவர் மதிப்பீட்டாளர், பாங்க் அனுப்பும் ஆள். இன்னொருவர் ஆய்வாளர், நாம் வைக்கும் ஆள். இரண்டையும் போட்டுக் குழப்பாதே. இருவரையும் வெவ்வேறு நாளில் வரவழை” என்று எழுதி, ‘வெவ்வேறு’ என்பதன் கீழே இரண்டு கோடும் போட்டிருந்தீர்கள். ஆனால் மச்சான், எனக்கு இந்த மாதம் மிச்சமிருந்தது ஒரே ஒரு நாள் லீவு. பேருந்து நிலைய விசாரணைக் கவுன்ட்டரில் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்று ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவனுக்கு, இரண்டு ஆட்களை ஒரே நாளில் இடிக்காமல் அனுப்பத் தெரியாதா என்று ஒரு திமிர். ஒன்பது மணிக்கு ஒருவர், பதினொரு மணிக்கு ஒருவர் என்று நேரம் கொடுத்தேன். ஒன்பது மணிக்காரர் பத்தேகாலுக்கு வந்தார். பதினொரு மணிக்காரர் பத்து இருபதுக்கு வந்தார். என் கவுன்ட்டரிலும் இப்படித்தான் நடக்கும், அங்கே கண்ணாடித் தடுப்பு உண்டு.

என் நிலைமையைத் தாங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். வாங்கப்போவது வேறொருவர் குடியிருக்கும் வீடாக இருந்தால் கவலையே இல்லை. இது நாங்களே பதினோரு வருஷமாக வாடகைக்கு இருக்கும் வீடு. ஒருமுறைகூட உள்ளே வந்து பார்க்காமல் வெளியூரிலிருந்தே வாடகை வாங்கிய வீட்டுக்காரர், திடீரென்று போன் செய்து, “விக்கலாம்னு இருக்கேன். நீங்க எடுத்துக்கறீங்களா, இல்ல பக்கத்து வீட்டுக்காரருக்கே குடுத்துடவா? இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்க” என்றார். பக்கத்து வீட்டுக்காரர் என்றால் நம்ம இருமல்காரர். அவர் வாங்கினால் நடுச்சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கிப் பெரிய ஹால் போடுவாராம். அந்த ஹாலில் உட்கார்ந்து தாராளமாக இருமுவார். உங்கள் தங்கையின் முன்னறை, அதிலுள்ள தையல் மிஷின், பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டர், இந்தத் தெருவே அவளிடம் அளவு கொடுத்து வைத்திருக்கும் நோட்டு, எல்லாம் நடுத்தெருவுக்கு வரும். வேறு தெருவுக்குப் போனால் அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆகவே இந்த வீடு எங்களுக்கு வேண்டும். அதில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை.

குழப்பம் மற்றதில். ஆய்வாளர் வந்தால் குறைகளைக் கண்டுபிடிக்க வேண்டும், அப்போதுதான் வீட்டுக்காரரிடம் விலை குறைக்கச் சொல்லலாம். மதிப்பீட்டாளர் வந்தால் குறை எதுவும் கண்ணில் படக்கூடாது, பட்டால் மதிப்பைக் குறைத்துப் போடுவார், பாங்க் கடனைக் குறைக்கும், வீடு இருமல்காரருக்குப் போகும். இப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். இது போதாதென்று, இந்த வீட்டுக் குறைகளில் பாதிக்கு மேல் நாங்களே செய்தவை. சமையலறைத் தரையில் உடைந்த டைல், குழவி நழுவி நான் போட்டது. அதை வீட்டுக்காரர் என்றாவது வந்தால் பார்க்கக்கூடாதே என்று பதினோரு வருஷமாக ஒரு மிதியடி மூடிக்கொண்டிருக்கிறது. ஆக ஒருவருக்குக் காட்ட வேண்டும், ஒருவருக்கு மறைக்க வேண்டும், மூன்றாமவராக வீட்டுக்காரரே வந்தால் இது முன்னாடியே இருந்தது என்று சத்தியம் செய்ய வேண்டும். அன்று காலை அந்த மிதியடியை நான் ஏழு தடவை எடுத்து ஏழு தடவை போட்டேன்.

இருமல்காரரைப் பற்றி முன்பே புலம்பியிருக்கிறேன், ஆனாலும் பகை எப்படித் தொடங்கியது என்று தாங்கள் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, மானம் தடுத்தது. இரண்டும் ஒரே நடுச்சுவரில் ஒட்டிக் கட்டிய வீடு, கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று எதிர்ப்புறம் திரும்பியவை. நாங்கள் சாமானோடு வந்து இறங்கிய அன்று, வீட்டுக்காரர் தபாலில் அனுப்பிய சாவியை இடப்பக்கக் கதவில் போட்டேன். சுகமாகத் திறந்தது. உள்ளே ஒருவர் இடுப்பில் துண்டோடு நின்று இருமிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இருமல் நின்றுவிட்டது. “யாருய்யா நீ?” “குடிவந்திருக்கேன்ங்க.” “என் வீட்டுக்கா? நான் விலைக்கு வாங்கி ஒரு வாரம் ஆகுதுய்யா!” நான் நாற்பது தடவை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்து வந்து வலப்பக்கக் கதவில் போட்டேன், அதே சாவி அதையும் திறந்தது. உள்ளே காலி. கட்டினவன் மொத்தமாக ஒரே பூட்டு வாங்கியிருக்கிறான், கஞ்சன். அன்றே இருமல்காரர் தன் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டார். அன்று முதல் எங்களோடு பேச்சு இல்லை, சுவர் வழியாக இருமல்தான். அதிலும் அர்த்தம் உண்டு. ஒற்றை இருமல் என்றால் மிஷின் சத்தம். இரட்டை இருமல் என்றால் அவர் ஹால் சுவரில் ஈரம். நாங்கள்தான் தண்ணீர் விடுகிறோம் என்பார். எங்கள் குளியலறைச் சுவரிலும் ஈரம், அவர்தான் விடுகிறார் என்பேன் நான். பதினோரு வருஷமாக ஒரு ஈரத்துக்கு இரண்டு வழக்கு.

சரி, அன்றைக்கு வருகிறேன். முதலில் வந்தவர் ஆய்வாளர். நெற்றியில் டார்ச் கட்டியிருந்ததால் டார்ச்சுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவி. அதைச் சுவரில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று எண் காட்டுமாம். நல்ல தொழில்காரர், ஆனால் குரல் மட்டும் மைதானத்துக்கென்று செய்தது. ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து, “யாருங்க இதுக்கு வயர் இழுத்தது? அவரு இன்னும் உயிரோட இருக்காரா?” என்று கேட்டார். நான்தான் இழுத்தேன் என்று சொல்லவில்லை. உயிரோடு இருப்பதாக மட்டும் சொன்னேன்.

ஐந்தாவது நிமிஷம் வாசலில் மதிப்பீட்டாளர். கக்கத்தில் பைல், அதனால் பைல்காரர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கள் தங்கைதான் தைரியசாலி. “என்னங்க, நீங்க அவரை மேல கூட்டிட்டுப் போங்க, நான் இவரை முன்னறையில பாத்துக்கறேன்” என்று பிரித்துவிட்டாள். நான் டார்ச்சுக்காரரை வலப்பக்க மாடிப்படியில் ஏற்றி, கூரைக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் ஆள் தவழ்ந்து போகும் சந்து இருக்கும் இடத்தைக் காட்டி, “உள்ள போய் நல்லா, நிதானமா, ரொம்ப நேரம் பாருங்க சார்” என்று அனுப்பிவிட்டுக் கீழே ஓடிவந்தேன்.

கீழே பைல்காரரின் அளக்கும் கருவி செத்துக் கிடந்தது. சிவப்பு ஒளி சுவரில் விழுந்தால் தூரம் சொல்லும் கருவி. பாட்டரி போய்விட்டது. “அதுக்கென்ன சார்” என்று உங்கள் தங்கை கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். இருபது வருஷமாக ஊரை அளந்த டேப். அவள் அளந்து சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நான் மறுமுனையைப் பிடித்தேன். முன்னறை, ஹால், படுக்கையறை. டேப் சின்னது, ஒவ்வொரு அறைக்கும் ஏழெட்டுத் தடவை வைத்து வைத்து அளக்க வேண்டும். வேலை மும்முரத்தில் எனக்குத் தோன்றவில்லை, முடிந்த பிறகுதான் பைல்காரர் கூட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “என்னம்மா, உங்க வீடு நடுச்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள்ள மூணடி போகுதே?” என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஒற்றை இருமல். உங்கள் தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஐயோ சார், பழக்க தோஷம். ஒவ்வொரு தடவையும் ரெண்டு இஞ்ச் லூஸ் சேத்துச் சொல்லிட்டேன். வளர்ற பிள்ளைங்களுக்குத் தைக்கிறதா, கை தன்னால விட்டுடுது.” மச்சான், வீடு வளருமா? ஆனால் அவர் சிரித்தார். நல்ல மனிதர். பைலிலிருந்து வீட்டின் வரைபடத்தை எடுத்து விரித்து, அதைத் திருப்பினார், கவிழ்த்தார், ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தாளின் பின்பக்கமாகப் பார்த்தார். “ம்… இப்படிப் பாத்தா சரியா வருது” என்றார். வரைபடத்தை நேராகப் பிடிக்கத் தெரியாத ஆளிடம் நம் தலையெழுத்தைக் கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டு, சரியான விடையைக் கண்டுபிடித்தவரைப் பாராட்டுவது போல் தலையாட்டினேன்.

அப்போதுதான் மேலேயிருந்து அந்தக் குரல். “சார்! கரையான் சார்! அட அட அட, எவ்வளவு கரையான்!” புதையல் கிடைத்தவன் மாதிரிக் கத்துகிறார். பைல்காரர் மேலே பார்த்தார். “யாரது?” உங்கள் தங்கை சற்றும் தயங்காமல், “மாடியில ரேடியோ சார்” என்றாள். ரேடியோ மறுபடி, “இந்தப் பலகை தாங்காது சார்!” என்றது. நான் செருப்போடு மாடிக்கு ஓடினேன், அந்தச் சந்துக்குள் தலையை நுழைத்தேன், “சார், மெதுவா, மெதுவா சார்” என்று கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே உள்ளே தவழ்ந்தேன். அவர் என்னைப் பார்த்து, “கட்டை மேல மட்டும் காலை வைங்க, பலகை மேல வைக்காதீங்க” என்று சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நான் பலகை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மற்றதை உங்கள் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஏனென்றால் என் மேல்பாதி மாடியிலும் கீழ்ப்பாதி முன்னறையிலும் இருந்தன, கண் மேல்பாதியைச் சேர்ந்தது. தையல் மிஷினுக்கு நேர் மேலே சீலிங் பிளந்து, தூசி கொட்டி, வேட்டி ஒரு பக்கமும் கால் இரண்டு பக்கமுமாகத் தொங்கியிருக்கிறேன். ஒரு செருப்பு பைல்காரரின் பைல் மேல் விழுந்திருக்கிறது. அவர் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் காலையே பார்த்திருக்கிறார். உங்கள் தங்கை, “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், எங்க வீட்டுக்காரர்தான்” என்று சொல்லியிருக்கிறாள். அவர் பேனாவைத் திறந்து, மின்விசிறி, அலமாரி எல்லாவற்றுக்கும் கேட்ட அதே கேள்வியை அதே குரலில் கேட்டாராம்: “இது வீட்டோட சேந்ததா, இல்ல கழட்டி எடுத்துட்டுப் போவீங்களா?” “பதினெட்டு வருஷமா கழட்ட முடியல சார்” என்றாளாம் தங்கள் உடன்பிறப்பு. மேலே நான் வலியில் கத்திக்கொண்டிருக்கிறேன், கீழே இவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வந்தது இருமலா சிரிப்பா என்று இன்றுவரை விளங்கவில்லை.

டார்ச்சுக்காரர் மேலேயிருந்து தூக்க, பைல்காரர் கீழேயிருந்து காலைப் பிடித்துத் தள்ள, என்னை வெளியே எடுத்தார்கள். பிறகு நான் சோபாவில் கவிழ்ந்து கிடக்க, இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். ரேடியோவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்த பிறகு இனி மறைக்க என்ன இருக்கிறது? நானே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், மிதியடி உட்பட. பைல்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏங்க இவ்வளவு கஷ்டப்பட்டீங்க? உடைஞ்ச டைலுக்காக நான் வரலையே. இந்த வீட்டை இன்னைக்கு வித்தா என்ன போகும், அதைத்தான் பாக்க வந்தேன். தெருவுல சமீபத்துல எது என்ன விலைக்குப் போச்சு, இடம் எவ்வளவு, கட்டடத்துக்கு வயசு என்ன, அவ்வளவுதான். பெரிய பழுது இருந்தா ஒரு வரி எழுதுவேன்” என்றார். “பெரிய பழுதுன்னா?” என்று கேட்டேன். மேலே பார்த்தார். “இப்ப இருக்கு” என்றார். டார்ச்சுக்காரர் தன் பங்குக்கு, “விலை என் வேலை இல்லைங்க. உடம்பு எப்படி இருக்குன்னு சொல்றதுதான் என் வேலை. நாப்பத்தோரு குறை இருக்கு, அதுல இருபத்திமூணு மனுஷக் குறை” என்று என்னைப் பார்த்தார். கடைசியாக ஓர் இடியும் போட்டார். நடுச்சுவர் ஈரம் எங்கள் குளியலறைக் குழாயிலிருந்துதான் அந்தப் பக்கம் போகிறதாம். பதினோரு வருஷ வழக்கில் நான் தோற்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் நீளமாக ஓர் இரட்டை இருமல், வெற்றி ஊர்வலம் மாதிரி.

போகும்போது பைல்காரர், “அளவு இடிக்குது, வரைபடமும் ஏதோ இடிக்குது, ஆபீஸ்ல வச்சு ஒருதரம் ஒத்துப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லிப் போனார். அவர்கள் போன பிறகு உங்கள் தங்கை மிஷினில் உட்கார்ந்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது. நூல் கோக்காமலே மிதித்துக்கொண்டிருந்தாள், வெறும் ஊசி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. “ஓட்டையை எழுதிடுவாரா?” என்று ஒருமுறை கேட்டாள். நான் சோபாத் திண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவன்.

ஆகவே மச்சான், மன்றாடிக் கேட்டுக்கொள்வது இதுதான். இத்துடன் ஜாமீன் படிவம் வைத்திருக்கிறேன். மதிப்பு ஒருவேளை குறைவாக வந்தாலும், தங்களைப் போல ஒருவர் ஜாமீன் நின்றால் பாங்க் இரங்கும் என்கிறார்கள். கரையானும் ஈரமும் நான் இழுத்த வயரும் கொண்ட வீடுதான், மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குறையையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு எங்களுக்குத் தெரிந்த வீடு. தங்கள் தங்கைக்காக ஒரு கையெழுத்து. அங்கே பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு அன்பும் சொல்லுங்கள். குப்புறக் கிடப்பவன் காலில் விழுந்ததாகவே தாங்கள் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இறங்க முடியாது.

இப்படிக்கு,
தங்கள் தங்கையால் கழட்ட முடியாதவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் பைல்காரர் போன் செய்தார். மதிப்பு நாம் கேட்ட அளவுக்கு வந்துவிட்டது, ஓட்டையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. உங்கள் தங்கை துள்ளிக் குதித்தாள். ஆனால் ஒரு சின்ன விஷயமாம். வீட்டுக்காரரின் பத்திரத்திலும் வரைபடத்திலும் மாடிப்படி இடப்பக்கம் இருக்கிறது. எங்களுக்கு வலப்பக்கம். ஆக அவர் எங்களுக்கு விற்பது, அன்று என் சாவி முதலில் திறந்த அந்த வீட்டை. இருமல்காரர் அன்று எங்களுக்கு ஒரு வாரம் முன்னால் வந்து, ஒரே சாவியால் தப்பு வீட்டைத் திறந்து, பதினோரு வருஷமாக நம் வீட்டுக்குப் புதுத் தரையும் புது வயரும் போட்டு வைத்திருக்கிறார். நாங்கள் குடியிருப்பது அவர் வாங்கிய வீடு. ஆகவே மேலே எழுதிய நாற்பத்தோரு குறைகளையும் தாங்கள் படித்ததை மறந்துவிடவும், அவை நமக்குச் சம்பந்தமில்லாதவை. ஈரமும் அவர் வீட்டிலிருந்துதான் நம் வீட்டுக்குப் போகிறது என்று ஆகிறது. நான் முதலிலிருந்தே இதைத்தான் சொன்னேன். படிவத்தில் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். மிஷினை மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும், தெரு அதே தெரு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இருமல்காரர் வந்துவிட்டார், அவருக்கும் போன் போயிருக்கிறது. கதவைத் தட்டவில்லை. தன் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வந்தார். முன்னறையில் நின்று அண்ணாந்து பார்த்து, ஒரு இருமல்கூட இல்லாமல், “என் வீட்டு சீலிங்ல இந்த ஓட்டையைப் போட்டது யாரு?” என்று கேட்கிறார்.